பன்னிரண்டு வயதில் ஓடிய நேரம்



சென்ற இதழில் வட்டாரக் குறுக்கோட்டப் போட்டியின் முடிவுகளை வெளியிட்டிருந்தோம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தவர்கள் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். ஒருத்தி தோட்டப் பள்ளியில் படிப்பவள், இன்னொருத்தி பட்டணத்துப் பள்ளியில் படிப்பவள். இருவருக்கும் நடுவே சில விநாடிகள்தான். இதழ் கைக்கு வந்த நாளிலிருந்து புலனத்திலும் கடிதத்திலும் ஒரே விவாதம். இந்த இரண்டு பேரில் யார் பெரிய ஆளாக வருவாள்? தோட்டத்துப் பிள்ளைக்குக் கால் நீளம், அவள்தான் என்கிறார் ஒருவர். பட்டணத்துப் பிள்ளை ஓடி முடித்த பிறகும் நின்று பேசினாள், அவளிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்கிறார் மற்றொருவர். பாலிங்கிலிருந்து ஓர் அம்மா, தன் மகள் ஏழாவதாக வந்ததாகவும் இனி அவளைத் தொடர்ந்து ஓட விடலாமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார்.

இந்த விவாதம் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சியைத் தந்தது. நம் ஊரான கோலா கெத்திலின் சாப்பாட்டுக் கடைகளில் விளையாட்டுப் பேச்சு என்றால் நெடுங்காலமாகப் பந்துதான். இன்று நம் பெண் பிள்ளைகளின் ஓட்டத்தைப் பற்றி அப்பாக்களும் மாமாக்களும் விநாடிக் கணக்கில் வாதாடுகிறார்கள். நன்றாக வாதாடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்காத விளையாட்டு எங்கே இருக்கிறது? ஆனால் எதை எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதில் நமக்குக் கவனம் வேண்டும். நாம் பேசுவது அந்தப் பிள்ளைகளின் காதிலும் விழுகிறது. அதனால்தான் அவர்களின் பெயரை இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. பன்னிரண்டு வயதுத் தோளில் ஊரின் எதிர்பார்ப்பை ஏற்றி வைக்க எனக்கு விருப்பமில்லை.

முடிவுத் தாளில் இல்லாத சிலவற்றை முதலில் பார்ப்போம்.

பிறந்த மாதம். நம் பள்ளி விளையாட்டுகளில் வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டை வைத்தே பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம். முப்பது வயதில் அது ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வயதிலோ அது எலும்பிலும் தசையிலும் நுரையீரலிலும் தெரியும். அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டி வருகிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருத்தி பத்து வயதிலேயே வளர்ந்து நிற்பாள், அதே வகுப்பில் இன்னொருத்தி பதினான்கு வயதில்தான் நிமிர்வாள். முன்னதாக வளர்ந்தவள் இன்று வெல்வதில் வியப்பில்லை. பின்னால் வளரப் போகிறவள் இன்று தோற்பதை வைத்து எதையும் சொல்லவும் முடியாது.

நம் தாத்தா பாட்டிமார் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் இதற்கு ஒரு முறை இருந்தது. கன்று நட்டு இத்தனை வருடம் ஆகிவிட்டது, பக்கத்து மரத்தில் பால் வடிகிறது என்று எவரும் கத்தியை எடுத்துவிட மாட்டார்கள். சுற்றளவை அளந்து பார்ப்பார்கள். சுமார் 45 சென்டிமீட்டர் வந்தால்தான் பட்டையில் முதல் கீறல். அவசரப்பட்டுச் சீவிய மரம் வளர்ச்சி குன்றிப் போகும் என்பது தோட்டத்தில் பிறந்தவர் எவருக்கும் தெரியும்.

அடுத்தது பாதை. குறுக்கோட்டத்தில் ஒரு பாதையின் நேரத்தை இன்னொரு பாதையின் நேரத்தோடு வைத்துப் பார்க்கவே கூடாது. செம்பனைக்கு நடுவே செம்மண் சாலையில் மேடேறி, கால்வாய் ஓரம் திரும்பி வருகிற மூன்று கிலோமீட்டரும் திடலைச் சுற்றி வருகிற மூன்று கிலோமீட்டரும் ஒன்றாகுமா? காலை எட்டு மணிக்கு ஓடியவளும் பதினோரு மணி வெயிலில் ஓடியவளும் ஒன்றா? போட்டிக்கு என்று சப்பாத்து வாங்கிக் கொடுக்கப்பட்டவளும் அக்காவின் பழைய சப்பாத்தில் துணி திணித்துப் போட்டுக்கொண்டு ஓடியவளும்? திடல்தட ஓட்டத்தில் தூரம் சரியாக இருக்கும், அங்கேயும் புல் திடலும் செயற்கைத் தடமும் காலுக்கு வேறு வேறு. ஆகவே 'என் மகள் குலிமில் இத்தனை நிமிடம் ஓடினாள், இவள் இங்கே இத்தனைதான்' என்ற பேச்சுக்கு அடிப்படையே கிடையாது. ஒரே நாளில் ஒரே பாதையில் யார் முன்னால் வந்தார் என்பது மட்டும்தான் குறுக்கோட்டம் சொல்லும் உண்மை.

நேரத்தையே பார்க்க வேண்டுமென்றால், மொத்த நேரத்தை விட்டு அதன் உள்ளே பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுகிறேன். இரண்டு பிள்ளைகள் மூன்று கிலோமீட்டரை 12 நிமிடம் 40 விநாடியில் முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவளின் மூன்று கிலோமீட்டர்கள் 3:40, 4:20, 4:40. இரண்டாமவளுக்கு 4:20, 4:15, 4:05. தாளில் இருவரும் சமம். ஓட்டத்திலோ இருவரும் இரண்டு வெவ்வேறு பிள்ளைகள். முதலாமவள் கூட்டத்தைப் பார்த்துப் பாய்ந்திருக்கிறாள், பிறகு தவித்திருக்கிறாள். இரண்டாமவள் தன் மூச்சை அறிந்து ஓடி, கடைசியில் வேகம் கூட்டியிருக்கிறாள். இதைப் பார்த்ததும் இரண்டாமவளே கெட்டிக்காரி என்று பலர் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். முதல் கிலோமீட்டரை 3:40இல் ஓடக்கூடிய கால் ஒரு சொத்து. வேகத்தைப் பங்கிட்டு ஓடுவதை அவளுக்கு ஒரு பருவத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம். இரண்டாமவளுக்கு வேண்டியது வேறு. அவள் சற்று துணிந்து தொடங்கிப் பழக வேண்டும். அடுத்து யாருக்கு எதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. ஒரு பயிற்றுநருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இனி, நம் ஊர் விவாதத்துக்கு ஈடான ஒரு பெரிய விவாதத்தைச் சொல்கிறேன். உலகமே சில ஆண்டுகளாக அதைக் கவனித்து வருகிறது.

2021ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் இறுதியில் இரண்டு பத்தொன்பது வயதுப் பெண்கள் முதலிரண்டு இடங்களைப் பிடித்தார்கள். அமெரிக்காவின் ஏதிங் மூ 1:55.21, பிரிட்டனின் கீலி ஹாட்ஜ்கின்சன் 1:55.88. இருவரும் 2002இல் பிறந்தவர்கள். மூவின் பெற்றோர் தென் சூடானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள். ஹாட்ஜ்கின்சனுக்குப் பதின்மூன்று வயதில் காதுக்குள் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது, அந்தக் காதில் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. மறு ஆண்டு யூஜீன் உலகத் திடல்தடப் போட்டியிலும் மூவே முதல், 1:56.30. ஹாட்ஜ்கின்சன் 1:56.38. நூறில் எட்டுப் பங்கு விநாடி இடைவெளி. அன்றைக்கு எழுதியவர்களில் பலர், இனிப் பத்தாண்டு இந்த ஓட்டம் மூவின் கையில் என்றுதான் எழுதினார்கள். அப்படி எழுத நியாயமும் இருந்தது. நீண்ட எட்டு, அலட்டிக்கொள்ளாத முகம், தோற்றே பழகாத ஓட்டம்.

2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் கென்யாவின் மேரி மோரா முந்தினார். ஹாட்ஜ்கின்சன் இரண்டாவது, மூ மூன்றாவது. 2024 ஜூனில் அமெரிக்கத் தேர்வுப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் மூ இடறி விழுந்தார். அங்கே முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் ஒலிம்பிக். நடப்பு வெற்றியாளரே பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தில் இல்லை. ஹாட்ஜ்கின்சன் 1:56.72இல் தங்கம் வென்றார். மூன்றாண்டு முன்பு 'இரண்டாவது' என்று எழுதப்பட்டவர் முதலாவதாக நின்றார்.

கதை அங்கேயும் முடியவில்லை. 2025 செப்டம்பரில் மறுபடியும் தோக்கியோ, உலகப் போட்டி. எல்லார் கண்ணும் ஹாட்ஜ்கின்சன் மீது. கடைசி நேர்ப்பகுதியில் முந்தியவர் கென்யாவின் லிலியன் ஒடிரா. வயது 26, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். நேரம் 1:54.62. செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோச்விலோவா 1983இல் வைத்த உலகப் போட்டிச் சாதனை 1:54.68. நாற்பத்திரண்டு ஆண்டு நின்ற அந்த எண்ணை அவர் அழித்தார். பத்தொன்பது வயதில் யார் வல்லவர் என்று உலகம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சில் ஒடிராவின் பெயரே இல்லை.

அதே ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த ஜார்ஜியா ஹன்டர் பெல்லின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. சிறு வயதில் பள்ளி வெற்றியாளராக இருந்தவர். பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் காயம் மேல் காயம். ஓட்டத்தையே விட்டுவிட்டுக் கணினித் துறையில் வேலைக்குப் போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்து, வார இறுதியில் பூங்காக்களில் பொதுமக்கள் ஓடும் ஓட்டத்தில் மகிழ்ச்சிக்காக ஓடப் போய், நேரம் வியப்பூட்டும்படி இருக்கவே திரும்பி வந்தார். 2024 பாரிஸில் 1500 மீட்டரில் வெண்கலம் வென்றபோது அவருக்கு முப்பது வயது. 2025 தோக்கியோவில் 1:54.90. ஹாட்ஜ்கின்சனை நூறில் ஒரு பங்கு விநாடியில் முந்தினார்.

பாலிங்கிலிருந்து எழுதிய அம்மா, உங்கள் மகள் ஏழாவதாக வந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் 2010இல் நடந்த உலகக் குறுக்கோட்டப் போட்டியின் இளையோர் பிரிவில், வெறுங்காலோடு ஓடிய பதினாறு வயதுக் கென்யப் பெண் ஒருத்தி நான்காவதாக வந்தாள். தனிநபர் பதக்கம் இல்லை. அவள்தான் ஃபெய்த் கிப்யெகான். அடுத்த ஆண்டு அதே போட்டியில் தங்கம். 2016, 2021, 2024 மூன்று ஒலிம்பிக்கிலும் 1500 மீட்டரில் தங்கம். 2018இல் மகளைப் பெற்றெடுத்தார். உலகச் சாதனைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. 2025 ஜூலையில் யூஜீனில் ஓடிய 3:48.68 இந்த உலகில் ஒரு பெண் 1500 மீட்டரை ஓடிய மிக விரைவான நேரம். அதே நாட்டின் விவியன் செருயோட், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் ஓடியபோது பதினேழு வயதுச் சிறுமி, பதினான்காவது இடம். பதினாறு ஆண்டு கழித்து ரியோவில் அதே 5000 மீட்டரில் தங்கம். நடுவில் அவரும் தாயாகியிருந்தார்.

ஆகவே அம்மா, ஓட விடுங்கள். அவளுக்குப் பிடித்திருந்தால் ஓட விடுங்கள்.

இந்தப் பெயர்களையெல்லாம் கேட்டு, பின்னால் வருகிறவர்தான் வெல்வார் என்று புதிதாக ஒரு விதியை உருவாக்கிக்கொள்ளக் கூடாது. இளமையிலேயே பளிச்சென்று தெரிந்து, பிறகும் மேலே போனவர்கள் இருக்கிறார்கள். ஹாட்ஜ்கின்சனே அப்படித்தான். இலங்கையின் தருஷி கருணாரத்ன பள்ளி மாணவியாக இருந்தபோதே, 2023 ஜூலையில் பாங்காக் ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 2:00.66இல் ஓடித் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் தங்கம், 2:03.20. இரண்டாவதாக வந்தவர் இந்தியாவின் ஹர்மிலன் பெய்ன்ஸ், 2:03.75. தருஷியின் இந்த இரண்டு நேரத்தைப் பார்த்து, அவர் ஜூலையைவிட ஹாங்சோவில் பின்தங்கிவிட்டார் என்று சொல்பவர் ஓட்டம் அறியாதவர். பெரிய இறுதி ஓட்டங்களில் பெரும்பாலும் யாரும் நேரத்துக்காக ஓடுவதில்லை. பல முறை முதல் சுற்றில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்ல ஓடுவார்கள், கடைசி 200 மீட்டரில்தான் போர். 2024 பாரிஸில் தருஷி அரையிறுதிக்குப் போகவில்லை. அதை வைத்து அவர் கதை முடிந்தது என்று பேசியவர்களும் உண்டு. அப்போது அவருக்கு இருபது வயது நிறையவில்லை!

இப்போது மனத்துக்குக் கனமான ஒன்றுக்கு வருகிறேன். பெண் பிள்ளையை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதைப் படித்துக் காட்ட வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் மேரி கெய்ன் பதினேழு வயதில் 800 மீட்டரை 1:59.51இல் ஓடினார். 2013 மாஸ்கோ உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதியில் பெரியவர்களோடு நின்று பத்தாவது வந்தார். அப்படி ஒரு பிள்ளை தலைமுறைக்கு ஒருத்திதான் வருவாள் என்றார்கள். பெரிய நிறுவனத்தின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். அங்கே எடையைக் குறை, இன்னும் குறை என்று நெருக்கினார்கள் என்று 2019இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மூன்று ஆண்டு மாதவிடாய் நின்றுபோனது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்றார். பதினேழு வயதில் ஓடிய அந்த 800 மீட்டர் நேரத்தை அவரால் பிறகு மிஞ்சவே முடியவில்லை.

இது அமெரிக்காவில் மட்டும் நடப்பதன்று. பெண் பிள்ளை பருவமடையும்போது இடுப்பு அகலும், எடை கூடும். பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுக்குள் ஓட்ட நேரம் அப்படியே நின்றுவிடலாம், கொஞ்சம் பின்னாலும் போகலாம். இது நோயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. உடல் தன்னைப் பெண்ணாகக் கட்டிக்கொள்கிற காலம். காத்திருந்தால் பதினேழு, பதினெட்டில் அந்தக் கால்கள் புதிய வலுவோடு திரும்பி வரலாம். ஆனால் அந்தக் காலத்தில்தான் வீட்டிலும் திடலிலும் சிலர் 'உடம்பு போட்டுவிட்டாள், சோற்றைக் குறை' என்கிறார்கள். குறைத்தால் என்ன ஆகும்? ஓட்டத்துக்குச் செலவாகும் சக்தி போக உடலை நடத்த மிச்சம் இராது. முதலில் மாதவிடாய் தள்ளிப் போகும், பிறகு நின்றே போகும். எலும்பு வலுவடைவது பெரும்பாலும் இருபது வயதுக்குள்தான். அந்த வயதில் சேராத எலும்புச் சத்தைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது. ஓடுகிற பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுவிட்டால் அதைப் பயிற்சியின் அடையாளம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரத்தசோகையும் அப்படித்தான். 2019இல் நம் நாட்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு இரத்தசோகை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மூச்சு வாங்குகிறாள், இரண்டாம் சுற்றிலேயே தளர்கிறாள் என்றால் 'மனசு இல்லை' என்று திட்டுவதற்கு முன் கிளினிக்கில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். முட்டை, நெத்திலி, மீன், முருங்கைக்கீரை, பருப்பு எல்லாம் நம் சமையலறையில் இருப்பவைதான். சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தேத்தண்ணி, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். கீரைக் குழம்போடு ஓர் எலுமிச்சைத் துண்டு பிழிந்துகொண்டால் அந்தச் சத்து கூடுதலாகச் சேரும்.

இன்னொரு வேண்டுகோள். வலிமை தரும் மாத்திரை, மாவு என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். திருச்சி மாவட்டத்து முடிகண்டம் கிராமத்திலிருந்து புறப்பட்ட கோமதி மாரிமுத்து, 2019 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 2:02.70இல் ஓடித் தங்கம் வென்றபோது நாம் எல்லாரும் கொண்டாடினோம். ஊக்கமருந்துச் சோதனைக்குப் பிறகு அந்தத் தங்கமும் போயிற்று, நான்காண்டுத் தடையும் வந்தது.

தமிழ்நாட்டைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டையைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகக் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2:03.16இல் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஏழைப் பெண்ணின் உடலை உலகத்தின் முன் விவாதப் பொருளாக்கினார்கள். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பின்னாளில் பயிற்றுநராகப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்பிக்க வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மீது மதிப்பு கூடுகிறது. அதே புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த எல். சூர்யா 2016 குவாஹாத்தி தெற்காசிய விளையாட்டில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஒருவரின் பதக்கம் பறிபோனதைப் பார்த்த மண்ணில் இன்னொரு பெண் பிள்ளை தைரியமாக ஓட வந்தாள்.

நம் நாட்டுக்கு வருவோம். பேராக் மாநிலத்துத் தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 400 மீட்டர் நடந்ததே அந்த ஆண்டுதான் முதல் முறை. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தில் தங்கம் வென்றார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது 1966இலும் 1967இலும் அவருக்கே கிடைத்தது. 800 மீட்டரிலும் அவர் வல்லவர். அவரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பது ஒன்று உண்டு. அவர் ஓடிய காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டருக்கு மேல் ஓட்டமே கிடையாது. 1928இல் ஒரு முறை 800 மீட்டர் நடத்திவிட்டு, பெண்கள் தளர்ந்து விழுகிறார்கள் என்று சொல்லி 1960 வரை அதையும் நிறுத்தி வைத்தார்கள். ஆண்கள் ஓடித் தளர்ந்து விழுந்ததே இல்லையா என்ன? 1500 மீட்டர் 1972இல் வந்தது, மராத்தான் 1984இல், 10,000 மீட்டர் 1988இல், 5000 மீட்டர் 1996இல். ராஜமணிக்கு 1500 மீட்டர் எப்படி வந்திருக்கும்? அவர் காலத்துத் தோட்டப் பெண்கள், விடியுமுன் எழுந்து நாளெல்லாம் மரத்துக்கு மரம் நடந்து பால் வாளி தூக்கியவர்கள், அவர்களுக்கு மராத்தான் எப்படி வந்திருக்கும்? ஓட வழி திறந்திருந்தால் அல்லவா தெரியும்!

இன்று வழி திறந்திருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஆறாம் ஆண்டில் வட்டாரத்தையே கலக்கிய பிள்ளை, படிவம் 2 வருவதற்குள் ஓட்டத்தை விட்டுவிடுகிறாள். ஏன் என்று தோட்டத்து அம்மாக்களிடம் கேட்டுப் பார்த்தேன். முதலில் வருவது வேன் பிரச்சினை. இடைநிலைப்பள்ளி பட்டணத்தில், வீடு தோட்டத்தில். பள்ளி முடிந்ததும் வேன் புறப்பட்டுவிடும். பயிற்சியோ மாலை நாலரை மணிக்கு. வேனைத் தவறவிட்டால் பத்து பெக்காக்கா பக்கம் போகிற பிள்ளை எப்படி வீடு சேருவாள்? இரண்டாவது, மாதவிடாய் நாட்களில் பயிற்சிக்குப் போகும் கூச்சம். ஆண் பயிற்றுநரிடம் சொல்ல முடியாமல் 'கால் வலி' என்று சொல்லிவிட்டு இருந்துவிடும் பிள்ளைகள் எத்தனையோ. மூன்றாவது டியூஷன். நான்காவதை ஓர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: 'முதல்ல வந்துக்கிட்டு இருந்த புள்ள, அஞ்சாவது ஆறாவதுன்னு வர ஆரம்பிச்சதும், நாங்களே அலுத்துப் போயிட்டோம்மா.'

அந்த அம்மா சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. வளர்ச்சியின் நடுவே நேரம் நின்றுபோகிற அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைத் தாண்டி வர யார் துணை இருக்கிறார்களோ, அவர்கள்தான் பதினெட்டு வயதில் ஓடுகிறார்கள். புக்கிட் ஜாலில், பண்டார் பெனாவார் விளையாட்டுப் பள்ளிகளுக்குச் சில பிள்ளைகளே தேர்வாகிறார்கள். தேர்வாகிறவர்களை வாழ்த்துகிறோம். தேர்வாகாத மற்றவர்கள் நம் திடலில்தான் ஓட வேண்டும். வாரம் இரண்டு மாலை, ஒரு வேன், கூடவே ஓர் ஆசிரியை அல்லது ஓர் அக்கா. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து நினைத்தால் இதைக் கோலா கெத்திலில் செய்ய முடியும். திருவிழாவுக்குப் பந்தல் போட நமக்கு ஆள் கிடைக்கிறது, பணம் கிடைக்கிறது. இதற்கும் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் வேன் செலவில் ஒரு பங்கை ஏற்க இதழ் ஆயத்தமாக இருக்கிறது.

யார் பெரிய ஆளாக வருவாள் என்ற கேள்விக்கு விடை எதிர்பார்த்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த இருவரில் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்பவரை நம்பவும் மாட்டேன். ஒப்பிட ஆசை இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பிள்ளை ஓடிய தேதி, பாதை, வெயிலா மழையா, கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம், அன்று உடல் எப்படி இருந்தது என்று எழுதி வையுங்கள். அதே பாதையில், அதே மாதத்தில், அடுத்த ஆண்டு ஓடும்போது எடுத்துப் பாருங்கள். போன ஆண்டு அவளே ஓடியதோடு இந்த ஆண்டு அவளே ஓடியதை வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நேரத்தை அந்த நோட்டில் எழுத வேண்டாம்.

இதழிலும் சில மாற்றங்கள் செய்கிறோம். அடுத்த இதழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் முடிவுகளில் முதல் இரண்டு பேரின் படத்தை மட்டும் பெரிதாகப் போடும் வழக்கம் இராது. ஓடி முடித்த எல்லாரின் பெயரும் ஒரே அளவில் வரும், பெற்றோர் சம்மதித்தால் மட்டும். படிவம் 1 முதல் படிவம் 5 வரை தொடர்ந்து ஓடும் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். அவர்கள் எத்தனையாவது வந்தாலும் சரி.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் தோட்டப் பள்ளிகளுக்காக ஓடிய அக்காமார், அத்தைமார், பாட்டிமார் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பழைய நற்சான்றிதழ், பள்ளி விளையாட்டு நாளின் படம், ஓடிய தூரம், நினைவில் இருக்கும் நேரம் எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் புலனத்தில் குரலாகப் பதிவு செய்து அனுப்பலாம், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். ஏன் ஓட்டத்தை நிறுத்தினார்கள் என்பதையும் கேட்டு அனுப்புங்கள். வரும் தீபாவளி மலரில் அவற்றை வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்